பார்க்காமல் போடாத கையெழுத்து

கணவரின் இடது கால் சுண்டுவிரல் நகத்துக்கு வந்தபோது அவள் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தாள். நகம் வெட்டிக்கொண்டிருக்கும்போது மனிதர் பேச்சுக்குப் பயந்து எழுந்து ஓட முடியாது என்பது அவள் நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் கண்டுபிடித்த உண்மை. இப்போது அவர் எழுந்து ஓடுகிற நிலையிலும் இல்லை. நுரையீரல் கைவிட்டுவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிப் பதினாறு நாளாகிறது.

"ஒரே ஒரு வார்த்தைதாங்க. மனசுக்குள்ள சொன்னாக்கூடப் போதுமாம். அண்ணி சொல்றாங்க."

"எந்த அண்ணி?"

"எனக்கு என்ன பத்து அண்ணியா இருக்காங்க? உங்க அக்காதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் மூச்சு வாங்கும். அது தெரிந்தும் சிரிப்பதை மட்டும் அவர் விடவில்லை. அவள் நகவெட்டியை வைத்துவிட்டு, அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். பனியன் காலியாகத் தொங்கியது. பாரம் சோதிக்க மணல் மூட்டைகளை ஒற்றை ஆளாகத் தூக்கி லிஃப்ட்டுக்குள் அடுக்கிய உடம்பா இது என்று நினைத்தபடி தலையணையை நிமிர்த்தி வைத்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தேழு வருடம் ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கியவர், குடியிருந்தது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொருதரம்'. எந்த லிஃப்ட்டைச் சோதித்தாலும் முடிந்தது என்று மற்றவர்கள் சாமான்களை மூட்டை கட்டும் நேரத்தில், "எதுக்கும் இன்னொரு தரம் பார்த்துடுவோமே" என்பார். அவருக்குக் கல்யாணமானபோதுகூட, பெண்ணை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் சரி சொன்னான் என்று கேலி செய்தார்களாம். அது கேலி இல்லை, உண்மை. இரண்டாம் முறை வந்தவர் அவளிடம் ஒன்றும் பேசாமல் அவள் வீட்டு மின்விசிறியின் சத்தத்தைச் சரி செய்துவிட்டுப் போனார்.

சமையலறையிலிருந்து பால் டம்ளரோடு அண்ணி வந்தாள். அவரைவிட ஆறு வயது மூத்தவள். தையல் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவள். தம்பிக்கு முடியவில்லை என்று தெரிந்ததும் ஒரு பையோடு வந்து இறங்கியவள், வந்த அன்றே தன் வழக்கையும் தொடங்கிவிட்டாள்.

"ஏன்டா, நான் என்ன கேக்கக் கூடாததையா கேட்டுட்டேன்? கடவுள் இருக்கார்னு வையி. நம்பினவன் தப்பிச்சான். இல்லைன்னே வையி. நம்பினவனுக்கு என்ன குறைஞ்சு போச்சு? வெளிய போகும்போது குடை எடுத்துட்டுப் போறதில்லையா? மழை வந்தா நனைய மாட்ட, வரலைன்னா கையில கிடந்துட்டுப் போகுது."

"குடை எடுக்கலாம்க்கா." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "இருந்தா எடுக்கலாம். குடை இருக்குன்னு சொல்லிட்டு... வெறுங்கையைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கச் சொல்றியே."

"பேச்சு மட்டும் குறையலை."

"அதில்லக்கா. அவர் இருக்கார்னே வச்சுக்க. இவன் பயந்து போய்ச் சொல்றான்னு அவருக்குத் தெரியாதா? அவ்வளவு ஏமாளியையா நீங்க ரெண்டு பேரும் கும்பிட்டுட்டு இருக்கீங்க?"

அண்ணி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு மறுபடி சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் அங்கே அழுகிறாள் என்பது குழாயைத் திறந்துவிட்ட சத்தத்திலேயே தெரிந்தது.

மனைவி நகவெட்டியை மறுபடி எடுத்தாள். அவளுடைய கடவுள் ஏமாளி இல்லை. தினமும் காலை ஆறு மணிக்குச் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து அவரோடு பேசுவாள். கேட்பாள், சண்டை போடுவாள், பிள்ளை தரவில்லை என்று ஒரு வருடம் முழுக்கப் பேசாமல்கூட இருந்தாள். இவர் ஒரு நாளும் குறுக்கே வந்ததில்லை, கிண்டல் செய்ததில்லை. முக்காலியின் கால் ஆடியபோது அடியில் ரப்பர் வைத்துக் கொடுத்தவரே இவர்தான். "என்ன சொன்னார் உன் ஆள்?" என்று கேட்பார். "உங்களைத்தான் விசாரிச்சார்" என்பாள் அவள். அதோடு அந்த வீட்டில் கடவுள் விவகாரம் முடிந்துவிடும்.

பதினோரு மணிக்கு ஊசி போட நர்ஸ் வந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், அவரிடம் ஏதோ ஜோக் சொன்னாள். வழியனுப்பப் போனவளிடம் படிக்கட்டில் நின்றுகொண்டு, "இன்னிக்கு எங்கயும் வெளிய போகாதீங்கம்மா" என்றாள். அவள் தலையாட்டினாள். நர்ஸ் இரண்டு படி இறங்கி, திரும்பி ஏறி வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறையில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. இனிமேல் சுற்றி வளைத்துப் பேச நேரமில்லை என்று தோன்றியது.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன். அண்ணி சொல்ற லாபம் நஷ்டமெல்லாம் எனக்கு வேண்டாம். நரகம் கிரகமெல்லாம்கூட எனக்குப் பயமில்ல. உங்களை எவன் அங்க அனுப்புவான்?"

"அப்புறம்?"

"நாளைக்கு நான் அங்க போவேன். போனா, நீங்க அங்க இருக்கணும். நம்பாதவங்களை வேற எங்கயோ வச்சிட்டாங்கன்னா? நான் எங்கன்னு தேடுவேன்? எனக்கு இங்கயும் யாருமில்ல, அங்கயும் யாருமில்லன்னா நான் என்னதாங்க பண்ணுவேன்?"

இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. முக்காலியில் உட்கார்ந்துகூடச் சொல்லவில்லை.  அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.  கொஞ்ச நேரத்தில் ஊசி மருந்து அவரைத் தூக்கத்துக்குள் இழுத்துக்கொண்டது.

அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. எத்தனை பிடிவாதம் இந்த மனிதருக்கு. இந்தப் பிடிவாதத்தால் ஏற்கெனவே ஒருமுறை அவர்கள் பட்டது போதாதா?

ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் ஒரு சோதனை அட்டை உண்டு. சோதித்தவர் தேதி போட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மாடிக் கடை ஒன்றின் திறப்பு விழாவன்று, வெளியே கூட்டம் நிற்க, கம்பெனி மேனேஜர் அவர் கையில் பேனாவைத் திணித்தாராம். பாரம் ஏற்றிப் பார்க்கவில்லை, போட மாட்டேன் என்று இவர் நின்றுவிட்டார். கடை முதலாளியும் விருந்தாளிகளும் வேர்க்க விறுவிறுக்கப் படியேறினார்கள். அடுத்த வாரம் ஊர்க்கோடியிலிருந்த கிளைக்கு இவரை மாற்றினார்கள். இரண்டு வருடம், இரண்டு பஸ் மாறி, விடியும் முன் கிளம்பிப் போய் வந்தார். "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சிருந்தா என்ன?" என்று அவள் கத்தினாள். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "முதல்ல ஏறப்போறது யாருன்னு நமக்குத் தெரியாதே" என்றார். மறுநாளே அந்த லிஃப்ட்டில் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை, பாழாய்ப்போனது நன்றாகவே ஓடியது. அதைச் சொல்லிச் சொல்லியே அவள் இரண்டு வருடம் அவரைக் குத்திக்காட்டினாள்.

மூன்று மணிக்கு அவர் விழித்துக்கொண்டார். மூச்சு மாறியிருந்தது. உள்ளே போவது கொஞ்சமாகவும் வெளியே வருவது நீளமாகவும் இருந்தது. அண்ணியைக் கூப்பிடலாமா என்று அவள் எழுந்தபோது, அவர் அவள் புடவையைப் பிடித்தார்.

"உக்காரு. என்ன சொல்லணும்?"

"என்னங்க?"

"அதான்... உன் ஆளுக்கு. என்ன சொல்லணும்னு சொல்லு. நான் சொல்றேன்."

அவள் சட்டென்று உட்கார்ந்தாள். "நிஜமாவா? நம்பிக்கை வந்துடுச்சா?"

அவர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். இல்லை.

"அப்புறம் எதுக்கு?"

"நீ தேடுவ இல்ல" என்றார். "புது இடம் வேற. உனக்கு வழியே தெரியாது."

அவள் வாயை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கே மனம் மாறிவிடுவாரோ என்ற அவசரத்தில், அவர் காதருகே குனிந்தாள்.

"'நான் உன்னை நம்புறேன், என்னைச் சேர்த்துக்கோ.' அவ்வளவுதாங்க. சொல்லுங்க."

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். மேலே பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"நான்..." என்றார்.

மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார். அந்த இடைவெளியில் அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். நாற்பத்தொரு வருடமாகப் பார்த்த முகம்தான். அதில் இப்படி ஒரு கூச்சத்தை அவள் பார்த்ததே இல்லை. மேனேஜர் பேனாவைத் திணித்தபோதுகூட இந்த மனிதர் தலை குனியவில்லை. இரண்டு வருடம் இரண்டு பஸ் ஏறினாரே தவிர, கண்ணால் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று எழுதவில்லை. இப்போது அவராகவே பேனாவைக் கேட்கிறார். கேட்க வைத்தது அவள். ஒரு கையெழுத்துதானே என்று அன்றைக்குக் கத்திய அதே வாய், இன்றைக்கு ஒரு வார்த்தைதானே என்கிறது.

"நான்... உன்னை..." என்று அவர் மறுபடி தொடங்கினார்.

அவள் வலது கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாங்க."

அவர் கண்கள் ஏன் என்று கேட்டன.

"வேண்டாம். விடுங்க. இப்ப என்ன அவசரம்? எதுக்கும் இன்னொரு தரம் பார்த்துட்டுச் சொல்லிக்கலாம்."

 அப்புறம் அவள் உள்ளங்கைக்குக் கீழே அவர் உதடுகள் விரிந்தன. சிரிக்கிறார். சூடான சின்னச் சின்ன மூச்சாக அந்தச் சிரிப்பு அவள் கையில் பட்டுக்கொண்டே இருந்தது. அதிசயமாக இருமல் வரவில்லை. அவள் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை. அவர் கை மெல்ல மேலே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பிடி தளர்ந்தது. அவள் "அண்ணி" என்று கூப்பிட்டாள். உரக்கக்கூடக் கூப்பிடவில்லை. அண்ணி ஓடி வந்தாள்.

அழுது ஓய்ந்து, டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், கீழ் வீட்டுக்காரர்கள் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன பிறகு, இரண்டு பெண்களும் அவரோடு தனியாக இருந்தார்கள். அண்ணி தம்பியின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். சரியாக இருந்ததைக் கலைத்து மறுபடியும் சரி செய்தாள்.

"ஏம்மா," என்றாள் கடைசியில், நிமிராமல். "சொன்னானா?"

சொன்னார் என்று சொல்லிவிடலாம். எழுபத்தைந்து வயது மனுஷி இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள். யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

"சொல்ல வந்தார் அண்ணி. நான்தான் வாயைப் பொத்திட்டேன்."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீயா? பாவி மகளே! ஒரு வார்த்தைதானேடி? பாதி கிணறு தாண்டினவனைப் பிடிச்சு இழுத்திருக்கியே!"

"எனக்காகச் சொல்ல வந்தார் அண்ணி. அவருக்குத் தெரியாததைத் தெரியும்னு சொல்ல வந்தார்."

"அப்ப அவன் கதி?"

"நான் பேசிக்கிறேன்."

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான். நாப்பத்தொரு வருஷமா தினம் காலையில பேசிட்டுத்தானே இருக்கேன். இவர் எங்க இருக்காரோ என்னையும் அங்கயே போடுன்னு கேப்பேன். மாட்டேன்னா சொல்லிடுவார்?" சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "சொன்னாலும் சொல்லலாம். தெரியலை அண்ணி. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

அண்ணி வெகுநேரம் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னதுலயும் இப்படித்தான்" என்றாள். "அடிச்சாலும் பொய் சொல்ல மாட்டான்." பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது.

தேநீரோடு திரும்பி வந்தாள். "காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கலையே நீ. எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டு வந்து இதைக் குடி."

"அப்புறம் கழுவிக்கிறேன் அண்ணி."

வலது கையை மூடி மடியில் வைத்தபடியே, டம்ளரை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.