எல்க் வேட்டைக்கு எந்தக் குண்டு

சாப்பாட்டு மேஜையில் மூன்று எவர்சில்வர் கிண்ணங்கள் இருந்தன. கடுகும் சீரகமும் வெந்தயமும் இருக்கவேண்டிய கிண்ணங்கள். சாந்தாமணி அவற்றில் துப்பாக்கிக் குண்டுகளைப் போட்டு வைத்திருந்தாள். டெக்ஸாஸில் ரவுண்ட் ராக் என்ற அந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் அதற்குள் நிறையவே வந்துவிட்டன. ஆனாலும் 1999ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இப்படியொரு மேஜை வேறெந்தத் தமிழர் வீட்டிலும் இருந்திருக்காது என்று அடித்துச் சொல்லலாம்.

அவள் புருஷன் பசுபதிக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான். டிபெண்டன்ட் விசாவில் வந்து ஐந்து வருஷம் வேலைக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் புழுங்கிக் கிடந்தவளைப் பக்கத்து வீட்டு லிண்டா ஒருநாள் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். அன்று பிடித்துக்கொண்டது. கிரீன் கார்டு வருவதற்குள் லிண்டாவையே மிஞ்சிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் "சாந்தாமணி ஆன்ட்டி மான் சுடுறாங்களாமே" என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டவர்கள், அவள் செய்த மான்கறி வறுவல் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டை நீட்டினார்கள்.

இப்போது நியூ மெக்ஸிகோ மலையில் எல்க் வேட்டைக்கு அவளுக்குக் குலுக்கலில் அனுமதி விழுந்திருந்தது. எல்க்கும் மான் ஜாதிதான். ஆனால் குதிரை கணக்கில் நிற்கும். பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் நிற்பதைச் சுடவேண்டி வரும். குண்டையும் மருந்தையும் கூட்டில் அடைத்து, தோட்டாக்களை லிண்டாதான் தன் கராஜில் கையாலேயே தயார் செய்வாள். எந்தக் குண்டு வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தாள்.

"இது நல்லா பறக்குமுங்க," என்று சாந்தாமணி முதல் கிண்ணத்திலிருந்து ஊசிபோல் நீண்ட ஒன்றை எடுத்துக் காட்டினாள். "காத்துல அசையாது. ஆனா காகிதத்தச் சுடறதுக்குன்னு செஞ்சது. உசுருள்ள உடம்புல என்ன பண்ணும்னு சொல்ல முடியாது."

"அப்ப இது?" என்று பசுபதி இரண்டாவது கிண்ணத்தைக் காட்டினான்.

"முழுக்கச் செம்பு. எல்க்கோட தோள் எலும்பையே ஒடச்சிட்டுப் போகும். ஆனா தூரம் போகப்போக வேகம் கொறையுமில்லீங்களா, அப்ப விரியாம உள்ள பூந்து அப்படியே வெளிய போயிரும். அது சாகாம ஓடும்."

மூன்றாவது கிண்ணத்தில் இருந்தது அவள் பழைய குண்டு. முன்பாதி மெத்தென்ற ஈயம், பட்டதும் விரியும். பின்பாதி கெட்டி, உள்ளே ஆழமாக இறங்கும். போன வருஷம்வரை அதைத்தான் நம்பியிருந்தாள். இப்போது அந்தக் கிண்ணத்தை அவள் தொடக்கூட இல்லை.

காரணம் பசுபதிக்குத் தெரியும். போன நவம்பரில் மேற்கு டெக்ஸாஸில் ஒரு மானைச் சுட்டாள். மான் விழவில்லை. முன்னங்காலை இழுத்துக்கொண்டு ஓடியது. மூன்று மணி நேரம் ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கல் நிலத்தில் தடம் மறைந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு சாந்தாமணி காகிதத்தைத் தவிர எதையும் சுடவில்லை. தன் கை கெட்டுவிட்டது, இல்லை குண்டு சரியில்லை, இரண்டில் ஒன்று என்று தீர்மானித்திருந்தாள். கிண்ணங்களை மாற்றி மாற்றி வைத்ததெல்லாம் அது குண்டின் குற்றமாக இருக்கட்டும் என்ற ஆசையில்தான்.

"சரியான குண்டு கெடைக்கலேன்னா நான் போகலீங்க," என்றாள். "அனுமதிய லிண்டாகிட்டச் சொல்லி திருப்பிக் குடுத்துட்டு, துப்பாக்கியவும் வித்துரலாம். இன்னொரு உசுர அப்படி அனுப்ப என்னால முடியாது."

பசுபதி சும்மா இருப்பானா? கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. மூன்று குண்டுக்கும் எக்ஸெல்லில் அட்டவணை போட்டான். எந்தத் தூரத்தில் எவ்வளவு வேகம், எத்தனை அங்குலம் கீழே இறங்கும் என்று கலர் கலராக. வீட்டில் ஒரு பிரஷர் குக்கர் வாங்கவே ஆறு கடை ஏறி இறங்கி, நாலு பேரிடம் போனில் விசாரித்து, ஒரு வாரம் யோசிப்பவன். கடைசியில் தூரமானியையும் சோதித்துவிடலாம் என்று தோன்றியது. லேசரில் தூரம் காட்டும் கருவி. போன அக்டோபரில் அவனே வாங்கியது. வேட்டைக்குக் கூடப் போனால் தூரம் பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு.

வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ஹைஸ்கூலின் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் வண்டியை நிறுத்தினான். ஒரு கோல் கோட்டிலிருந்து இன்னொரு கோல் கோடு வரை சரியாக நூறு யார்டு. ஒரு கோட்டில் தன் ஆபீஸ் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுத்த கோட்டுக்குப் போய்ப் பித்தானை அழுத்தினான். தொண்ணூற்றொன்று என்று காட்டியது. மறுபடி அழுத்தினான். தொண்ணூற்றொன்று. கருவி பழுது என்று அவனுக்கு ஒரே குஷி. ரசீது இருக்கிறது, ஒரு வருஷ வாரண்ட்டி இருக்கிறது, ரிட்டர்ன் பண்ணிவிடலாம் என்று பாதி தூரம் பெட்டியை எடுக்க நடந்தவன், நட்டநடு மைதானத்தில் அப்படியே நின்றான்.

நூறு யார்டு என்பது தொண்ணூற்றொன்றரை மீட்டர். கருவியில் ஒரு பழுதும் இல்லை. அதை மீட்டருக்கு மாற்றி வைத்தவன் அவன்தான். வாங்கிய அன்றைக்கே, யார்டும் அடியும் வெள்ளைக்காரன் கட்டிக்கொண்டு அழுகிற சமாச்சாரம் என்று சொல்லி, முதல் வேலையாக மாற்றினான். பிறகு மறந்தே போனான். ஆனால் குண்டு எவ்வளவு இறங்கும் என்று சாந்தாமணி பார்த்த கணக்கு லிண்டாவின் புத்தகத்திலிருந்து வந்தது. அதில் எல்லாமே யார்டு.

அன்றைக்கு மான் நின்றபோது அவன் "முந்நூத்தி எம்பது" என்று சொன்னான். அவள் முந்நூற்றெண்பது யார்டுக்கு எவ்வளவு உயர்த்திக் குறி வைக்கவேண்டுமோ அவ்வளவு உயர்த்தி வைத்தாள். மான் நின்றதோ நானூற்றுப் பதினைந்து யார்டில். குண்டு அரையடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே போயிருக்கும். நெஞ்சுக்குப் போகவேண்டியது காலுக்குப் போயிருக்கிறது.

பத்து மாசம். அவள் சரியாகத் தூங்காத ராத்திரிகளில் எல்லாம் "விடு சாந்தா, காத்து அடிச்சிருக்கும்" என்று ஆறுதல் சொன்னவன் அவன். சொல்லாமலே விடலாம் என்ற எண்ணமும் வந்தது, பொய் சொல்வானேன். பித்தானை அழுத்தி யார்டுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது, ஒரு பயலுக்கும் தெரியாது. அவளும் ஏதோ ஒரு குண்டை எடுத்துக்கொண்டு போவாள். ஆனால் தன் கையை அவள் மறுபடி நம்பவே மாட்டாள். அந்த யோசனை வந்ததும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வண்டியை எடுத்தான்.

வீட்டுக்குள் நுழைந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னான். "சாந்தா, அந்த மான்... தப்பு உம்மேல இல்ல. குண்டு மேலயும் இல்ல. நான் சொன்னது மீட்டர்." பேப்பரில் கணக்கைப் போட்டுக் காட்டினான்.

சாந்தாமணி பேப்பரை இரண்டு முறை படித்தாள். அடுப்பை அணைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை அவன் டிபன் பாக்ஸில் வெறும் தயிர்சாதம், ஊறுகாய்கூட இல்லாமல்.

சனிக்கிழமை காலை துப்பாக்கிப் பையோடு வாசலில் நின்றாள். "வண்டிய எடுங்க."

லிண்டாவின் அண்ணனுக்கு ஊருக்கு வெளியே நீளமான மேய்ச்சல் நிலம் உண்டு. லிண்டா முன்னாலேயே வந்திருந்தாள். சாந்தாமணி தூரமானியைப் பசுபதி கையிலிருந்து வாங்கி, யார்டுக்கு மாற்றி, தானே பார்த்துப் பார்த்து, சரியாக நானூற்றுப் பதினைந்து யார்டில் அட்டையை நடச் சொன்னாள். அட்டையின் நடுவில் தோசைக்கல் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். போன வருஷம் மிச்சமிருந்த பழைய தோட்டாக்களில் மூன்றை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தாள்.

"அன்னிக்குச் சொன்ன நம்பரையே சொல்லுங்க," என்றாள்.

"எதுக்கு சாந்தா..."

"சொல்லுங்க."

"முந்நூத்தி எம்பது," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அந்த எண்ணுக்குக் குறி வைத்து, நிதானமாக மூச்சை விட்டு, மூன்று தடவை சுட்டாள். லிண்டா தொலைநோக்கியில் குனிந்து பார்த்தாள். அவளுக்கு இந்த மீட்டர் கதை எதுவும் தெரியாது. நிமிர்ந்தவள் முகம் வாடியிருந்தது.

"ஆல் த்ரீ லோ, ஹனி. ஐயாம் ஸாரி."

சாந்தாமணி எழுந்து ஓடிப்போய்த் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். மூன்று ஓட்டைகளும் குறிக்கு அரையடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே, கணக்கில் வந்த அதே இடத்தில் இருந்தன. மூன்றையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். அவள் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மூன்றும் தவறிப்போனதற்கு ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா என்று லிண்டா திகைத்துப்போய்ப் பசுபதியைப் பார்த்தாள். அந்த மானுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது சாந்தாமணிக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பழைய குண்டே போதும், அதிலேயே இருபது தோட்டா செய்துவிடு என்று லிண்டாவிடம் சொன்னாள். முந்நூறு யார்டுக்கு மேலே எல்க்கே வந்து நின்று கெஞ்சினாலும் சுடமாட்டேன் என்றும் சொன்னாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். இரண்டு நாளில் அவனோடு சிரித்துப் பேசியது அப்போதுதான்.

"நீங்களும் மலைக்கு வாங்க. கறியத் தூக்க ஆள் வேணுமில்ல. தூரத்த மட்டும் இனி நானே பாத்துக்கறேனுங்க."