காடைக்கு ஒரு கேடயம்

கிருத்திகாவிடம் இருநூற்று நாற்பது கேடயங்கள் இருந்தன. போருக்குப் போக அல்ல, பிழைப்புக்கு. நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவள் நடத்திய டிசைன் கடையின் கம்ப்யூட்டரில், சீமைப் பிரபுக் குடும்பங்களின் சின்னங்கள் ஒரு ஃபோல்டர் நிறையக் கிடந்தன. பின்னங்காலில் நிற்கும் சிங்கம், நாக்கை நீட்டும் கழுகு, இரும்புத் தொப்பி, கிரீடம், அடியில் சுருண்ட ரிப்பன். காசு கொடுத்து வாங்கியவை, எதற்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதியோடு. அவளும் போட்டாள். ஜவ்வரிசி மூட்டைக்குக் கிரீடம் போயிற்று. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண் பெயரின் முதலெழுத்தைக் கேடயத்துக்குள் வைத்தால் பெண் வீட்டாருக்கு உச்சி குளிர்ந்துவிடும். சிங்கத்தை ரிக் வண்டிக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். எந்தப் பிரபு எந்தக் கோட்டையில் வைத்திருந்த சிங்கமோ, இன்று திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறது.

சித்திரை பிறந்த வாரத்தில் அவளுடைய பெரியப்பா சென்னியப்பன் கடைக்கு வந்தார். குலதெய்வக் கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"அம்மணி, கோயல் கும்பாபிசேகத்துக்கு நம்ம கூட்டத்துக்குன்னு ஒரு சின்னம் வேணும். கொடியில போடோணும், முன்வாசல் வளைவுல கல்லுல வெட்டோணும். நீயே செஞ்சு குடு. கம்பீரமா இருக்கோணும், ஆமா."

கொங்குப் பக்கத்தில் கூட்டம் என்றால் ஒரே குலத்துப் பங்காளிகள். கிருத்திகா பிறந்தது காடை கூட்டத்தில். அந்தக் கூட்டத்தார் காடைப் பறவையைக் கொல்லவும் மாட்டார்கள், தின்னவும் மாட்டார்கள். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து அப்படி. ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அன்றைக்கே அவள் புருஷன் கூட்டத்துக்காரி. கிருத்திகா அப்படிப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. பிறந்த கூட்டத்துக் கோயிலுக்கு இனி விருந்தாளியாகத்தான் போகலாம். கும்பிடலாம், சாப்பிடலாம், வந்துவிடலாம். பெரியப்பா 'நம்ம கூட்டம்' என்றபோது தன்னையும் சேர்த்துச் சொன்னது போல அவளுக்கு இருந்தது. அவர் யோசித்துச் சொன்னாரோ வாய்தவறிச் சொன்னாரோ, அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த வளைவுக் கல்லில் தன் கைப்பட ஒன்று இருக்க வேண்டும். அது ஒன்று போதும்.

ஃபோல்டரைத் திறந்து காடை தேடினாள். இருநூற்று நாற்பதிலும் ஒரு காடை இல்லை. எந்தப் பிரபு காடையைக் கேடயத்தில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவான்? சரி, கம்பீரம்தானே வேண்டும் என்று ஒரு வல்லூறைப் பிடித்தாள். அலகைக் குட்டையாக்கி, வயிற்றை உப்பவைத்து, உடம்பெல்லாம் புள்ளி தெளித்தாள். இருபுறமும் சிங்கம், தலைக்கு மேல் கிரீடம். வல்லூறின் காலடியில் ஏதோ மண்ணாங்கட்டி மாதிரி கிடந்தது. அதற்கும் பழுப்பு நிறம் அடித்துவிட்டு பெரியப்பாவின் போனுக்கு அனுப்பினாள். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். எட்டடி ஃபிளெக்ஸ் அச்சாகிவிட்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அமாவாசையன்று காலை, நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருந்த கோயிலில் கூட்டம் கூடியிருந்தது. ஃபிளெக்ஸை மண்டபத் தூண்கள் இரண்டுக்கும் நடுவில் இழுத்துக் கட்டினார்கள்.

"ஏனுங்க, இது காடையா, பிராய்லரா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நாமக்கல்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் கோழியாகத்தான் தெரியும் என்று கிருத்திகாவும் சேர்ந்து சிரித்தாள்.

சிரிக்காதவர் பெரியம்மா சென்னம்மாள் ஒருவர்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் போனார்.

"அம்மணி, அதும்பட காலுக்கடியில என்னமோ கெடக்குதே?"

எட்டடி அகலத்தில் மண்ணாங்கட்டிக்குச் சிறகு இருந்தது. வயிறு மேலே பார்க்க, இரண்டு கால்களும் விறைத்து, அலகு பிளந்து, புள்ளி போட்ட சின்னப் பறவை ஒன்று நகங்களுக்கு நடுவில் செத்துக்கொண்டிருந்தது. அந்தச் சீமைக்காரன் அதை எவ்வளவு அழகாக வரைந்திருந்தான் என்றால், யார் பார்த்தாலும் காடை என்று சொல்லிவிடுவார்கள். கிருத்திகா எடுத்தது இரையைப் பிடித்த வல்லூறின் படம். வல்லூறைக் காடையாக்கியவள், நிஜக் காடையை அதன் காலடியிலேயே விட்டுவிட்டாள்.

ஒருவர் செருப்பைத் தேடி எழுந்தார். இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கட்டிக் குடுத்த புள்ளைகிட்டக் குடுத்தா இப்படித்தானுங்க ஆகும்" என்றார் ஜெகதீஸ்வரன். கமிட்டியில் பெரியப்பாவுக்கு அடுத்த ஆள் அவர். ராசிபுரம் ரோட்டில் காடைப் பண்ணை வைத்திருக்கிறார், பக்கத்திலேயே வறுவல் கடையும் உண்டு. அது ஜப்பான் காடை, நம்ம காடை வேறு என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். "அவிய இப்ப வேற கூட்டம். இதும்பட அருமை அவியளுக்கு எங்கீங்க தெரியும்? ஈரோட்டுல நல்ல ஆளு இருக்கறாங்க. அங்க குடுத்தரலாம்."

கிருத்திகாவுக்கு முகம் எரிந்தது. ஃபிளெக்ஸை அவளே அவிழ்த்துச் சுருட்டினாள். பெரியப்பா மட்டும், "அடுத்த வார ஞாயித்துக்கெழமைக்குள்ள இன்னொண்ணு செஞ்சுட்டு வா. பாக்கலாம்" என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் கணவன் மதன், "உடு, ஈரோட்டுலயே செஞ்சுக்கட்டும். உனக்கு வேலையா இல்ல?" என்றான்.

"தப்பு என்னுதுங்க. அவிய சொன்னதுதான் பொறுக்க முடியல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானு காடைய ஒரு தடவைகூட நல்லாப் பாத்ததில்லீங்க. அதத் தெரியுமா உங்களுக்கு? பேருக்குத்தான் காடை கூட்டம்."

மதனின் நண்பனுக்குச் சோளக்காடு இருந்தது. அறுத்து முடிந்து தண்டின் அடித்தட்டை மட்டும் நின்றது. மூன்று நாள் விடியற்காலையில் மதன் அவளை வண்டியில் அழைத்துப் போய் வரப்போரம் உட்காரவைத்தான். முதல் நாள் கொசுதான் கடித்தது. இரண்டாம் நாள் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள், அவள் மண்ணென்று பார்த்துக்கொண்டிருந்த இடம் எழுந்து நடந்தது.

அவ்வளவுதான் காடை. கைக்குள் அடங்கும் உருண்டை. சண்டைக்கு வராது, நாக்கை நீட்டாது. நாலடி ஓடும், நிற்கும், கழுத்தை நீட்டிக் கேட்கும். ஆள் இருப்பது தெரிந்தும் அது பறக்கவில்லை. தட்டைக்கு அடியில் அப்படியே அமர்ந்துவிட்டது. பயந்து அமர்ந்தது போலத் தெரியவில்லை. இது என் இடம், நீ போ என்று சொல்வது போல இருந்தது. கிருத்திகாவுக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. கம்பீரம் கம்பீரம் என்று தேடினோமே, அது இங்கேயல்லவா உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாள்.

கடைக்கு வந்து ஃபோல்டரை மறுபடி திறந்தாள். இந்த முறை கழுகை எடுக்கவில்லை. கழுகை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள். அந்தக் காலத்தில் போர்க்களத்தில் புழுதிக்கு நடுவே தூரத்திலிருந்தே ஆள் அடையாளம் தெரிய வேண்டுமாம். அதனால் கோடு குறைவு, இருப்பதெல்லாம் அழுத்தமான கோடு. நிறம் இரண்டு, மிஞ்சினால் மூன்று. கேடயத்தின் விளிம்பு வரை உருவம் நிறைந்து நிற்கும், வெற்றிடம் வீணாகாது. இத்தனை நாள் இருநூற்று நாற்பது வாத்தியார்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுமனே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். சிங்கங்களை அனுப்பிவிட்டாள். கிரீடத்தைக் கழற்றினாள். கேடயத்தின் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே மூன்று சோளத்தட்டை, அதன் நடுவில் கழுத்தை நீட்டி நிற்கும் காடை. பன்னிரண்டு கோடுகளில் முடித்துவிட்டாள். அதற்கு நான்கு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் அதே தூண்களுக்கு நடுவில் கட்டினார்கள். இந்தத் தடவை எல்லாருமே முதலில் காலடியைத்தான் பார்த்தார்கள். மண் இருந்தது, நிஜ மண். கோயில் வாசலுக்கு அப்பால் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "காடையப் போட்டுட்டாங்கடா!" என்று அங்கிருந்தே கத்தினார். கிருத்திகாவுக்கு அந்தக் கத்தலே பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது.

"படம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் ஜெகதீஸ்வரன். "நானு இல்லைங்கல. ஆனா காலத்துக்கும் கல்லுல நிக்கறது. வேற கூட்டத்துக்காரி கையால செஞ்சதுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது பாருங்க."

யாரும் மறுக்கவில்லை. மறுக்க ஒரு நியாயமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, முறை அப்படித்தானே. சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிருத்திகாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, உன்ற மாமியா ஊட்டுல காடை ஆக்குவாங்களா?"

ஏன் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. "ஆக்குவாங்க பெரியப்பா. மாசத்துல ரண்டு தடவ ஆக்கிருவாங்க."

"நீயி?"

"நானு தனியா ரசம் வெச்சுக்குவனுங்க."

"அவிய கூட்டத்துல அது தப்பில்லியே. நீ தின்னா ஆரு கேக்கப் போறாங்க?"

"ஆரும் கேக்க மாட்டாங்க. எனக்குத்தான் கை போகலீங்க."

"பதினோரு வருசமாவா?"

"ஆமாங்க பெரியப்பா."

யாரும் ஜெகதீஸ்வரனைப் பார்க்கவில்லை. ஒருவர் விட்டத்தைப் பார்த்தார், ஒருவர் தன் கைவிரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பது பேர் சேர்ந்து ஒருவரைப் பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடப் பொல்லாதது. கிருத்திகாவுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் இறங்கிப் போய், பாவமாகக்கூட இருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெகதீஸ்வரன் எழுந்தார். வெளியே போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் ஃபிளெக்ஸுக்கு முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இந்தச் சோளத்தட்டை சன்னமா இருக்குதே. கல்லுல நிக்குமா தங்கச்சி?"

கூட்டத்துக்காரர் எல்லாரும் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கச்சி முறைதான். ஆனால் தாலி ஏறிய நாளிலிருந்து அந்தக் கோயிலில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்சம் தடிப்பாப் போட்டுத் தாரனுங்கண்ணா" என்றாள்.