கூப்பிட்ட குரலுக்கு

மரியமலருக்கு நடனத்தோடு ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. ஐம்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடமாக ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. வேலை முடிந்தால் ரொம்சோசில் இருந்த வீடு, ஞாயிறு என்றால் மாதா கோயிலில் பூசை. அவள் ஒரு கிரேக்க நடனக் குழுவில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது கோயிலுக்கு வரும் பெண்கள் நம்பவில்லை.

சேர்த்துவிட்டவள் மகள் யதுர்ஷா. நகரின் குறொன்லாண்ட் பகுதியில் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். காணாமற்போன ஒருவருக்காகக் காத்திருக்கும் பெண்கள் வேண்டும், ஆடத் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று அதில் இருந்தது. மரியமலர் மூன்றாம் நாள்தான், படம் கொண்டுபோகலாமா என்று மட்டும் கேட்டாள்.

படம் மகன் றஜீவுடையது. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த இடத்தில், பெயர் பதிந்துவிட்டு ஒரு கிழமையில் விட்டுவிடுவோம் என்று சொல்லி இராணுவத்தினர் அவனைப் பேருந்தில் ஏற்றினார்கள். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, யதுர்ஷாவுக்கு ஆறு. பேருந்து புழுதிக்குள் மறையும்வரை மரியமலர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, ஏற்கெனவே ஒஸ்லோவில் இருந்த கணவர் தாயையும் மகளையும் இங்கே கூப்பிட்டுக்கொண்டார். அவர் இறந்து இப்போது நான்கு வருடம். சாகும் தறுவாயில் மகனுக்கு ஒரு ஆத்மசாந்திப் பூசை கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். மரியமலர் சம்மதிக்கவில்லை. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பூசை எதற்கு என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

நடனத்தை அமைத்தவள் இரீனி, சைப்பிரஸ் தீவுக் கிரேக்கப் பெண். எழுபத்துநான்காம் ஆண்டுப் போரில் அவளுடைய மாமன், தாயின் ஒரே தம்பி, காணாமற்போனான். தாய் கறுப்புச் சட்டையோடும் படத்தோடும் தெருவில் நின்றே வயதானவள். தன் ஊர்ப் பெண்கள் திருவிழாவில் கைகோத்து ஆடும் வரிசை ஆட்டத்தையும், தாயைப்போன்ற பெண்கள் படத்தோடு தெருவில் நின்ற நிலையையும் சேர்த்து இரீனி இதைச் செய்திருந்தாள். அந்தப் பெண்கள் தெருவில் நிற்பதாக முதல் நாள் அவள் காட்டிய பழைய படத்தை மரியமலர் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். கிளிநொச்சி வீதியோரத்தில் பிள்ளையளைக் கேட்டு இருக்கிற எங்கட ஆக்கள் மாதிரியே இருக்கினம் என்று மகளிடம் சொன்னாள்.

ஆற்றங்கரையில் ஒரு பழைய தொழிற்சாலை மண்டபத்தில் பயிற்சி நடந்தது. எட்டுப் பெண்கள். பொஸ்னியாவிலிருந்து இருவர், சிலியிலிருந்து ஒருத்தி, குர்திஷ் பெண்கள் மூவர், ஒரு ஈராக்கியப் பெண், மரியமலர். பக்கத்தில் நிற்பவளை விட்டு அடுத்தவளின் கையைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் வரிசை பின்னல்போல இறுகிவிடும். வலப்பக்கம் மூன்று அடி, பின்னால் ஓர் அடி. பின்னால் வைக்கும் அடியில் ஒவ்வொருத்தியும் தன் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வாத்தியம் எதுவும் இல்லை. பாதங்கள் பலகையில் விழும் சத்தமும் எட்டுக் குரல்களும்தான்.

முதல் கிழமை மரியமலருக்குக் குரல் வரவில்லை. இரண்டாம் கிழமை வந்தது. வந்தபோது மற்ற ஏழு பேரும் அடி தவறி நின்றுவிட்டார்கள். பதினாறு வருடமாக வாய்க்குள் முணுமுணுத்த பெயரை அவள் அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கத்தினாள். அதற்குப் பிறகு பயிற்சி நாட்களான செவ்வாயும் வியாழனும் எப்போது வரும் என்று பார்த்திருந்தாள். பசியெடுத்துச் சாப்பிட்டாள். ரீபான் ரயிலில் வீடு திரும்பும்போது சிலியப் பெண்ணின் மகனைப் பற்றியும், பொஸ்னியப் பெண்களில் ஒருத்தியின் புருஷனைப் பற்றியும் கூட வரும் யதுர்ஷாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். தாய் இவ்வளவு கதைத்து யதுர்ஷா கண்டதே இல்லை.

ஐந்தாம் கிழமை இரீனி முடிவைச் சொல்லிக்கொடுத்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வரிசையிலிருந்து கழன்று, கழுத்தில் தொங்கும் தன் ஆளின் படத்தைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போக வேண்டும். கடைசியில் மேடையில் எட்டுப் படங்கள் மட்டும் கிடக்கும். இரீனி அதற்குமேல் தன் மொழியில் ஒப்பாரி பாடுவாள்.

தன் முறை வந்தபோது மரியமலர் பிடித்த கையை விடவில்லை. பொஸ்னியப் பெண் மெல்ல இழுத்துப் பார்த்தாள். மரியமலர் விரல்களை இன்னும் இறுக்கினாள்.

இரீனி கோபப்படவில்லை. அவளைத் தேநீர் மேசைக்குக் கூட்டிப்போய், மொழிபெயர்க்க யதுர்ஷாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் கதையைச் சொன்னாள். மாமனின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, சோதித்து, நாற்பது வருடம் கழித்து ஒரு சின்னப் பெட்டியில் கொடுத்தார்களாம். தாய் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தாளாம். பிறகுதான் கீழே வைத்தாளாம். அந்தக் கீழே வைத்தல்தான் இந்த நடனம் என்றாள் இரீனி.

மரியமலர் கேட்டு முடித்துவிட்டு மகளிடம் சொன்னாள்.

"அவவுக்குப் பெட்டி வந்தது. எனக்கு என்ன வந்தது எண்டு கேள்."

யதுர்ஷா அதை மொழிபெயர்த்தாள். இரீனி நடனத்தின் முடிவை மாற்றினாள். ஏழு பேர் படத்தை வைத்துவிட்டுப் போவார்கள். மரியமலர் படத்தோடு தனியே நின்று அதே அடியை வைத்து ஏழு தரம் கூப்பிடுவாள். ஏழாவதில் வெளிச்சம் அணையும். ஒப்பாரி வேண்டாம்.

பயிற்சியில் அதை ஒருநாளும் முழுதாகச் செய்து பார்க்கவில்லை. நேரம் போதவில்லை.

முதல் காட்சி ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு. மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். கோயிலில் இருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாம் நன்றாகவே போனது. ஒவ்வொரு கை கழன்றபோதும் வரிசை சுருங்கியது. கடைசியில் பொஸ்னியப் பெண்ணும் கையை விட்டாள். மரியமலர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று அடி வைத்தாள், ஓர் அடி பின்னால் வைத்தாள், கூப்பிட்டாள்.

"றஜீவ்."

ஏழாவது தரம் கூப்பிட்டதும் வெளிச்சம் அணைந்தது. கைதட்டல் எழுந்தது. இருட்டுக்குள் எட்டாவது தரமும் அவள் குரல் கேட்டது. ஒன்பதாவது தரமும் கேட்டது. கைதட்டல் அங்கங்கே குறைந்து நின்றுபோனது. வெளிச்சத்தைத் திரும்பப் போட்டபோது அவள் இன்னும் அதே அடியை வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தரமும் கூப்பிட்டுவிட்டுத் தலையைச் சரித்து நின்றாள், அடுத்த அறையிலிருந்து யாரோ பதில் சொல்லப்போவதுபோல. இது நடனம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் எழும்பவில்லை. யதுர்ஷா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினாள். தாயின் தோளைப் பிடித்தபோது அந்த உடம்பு காய்ச்சல்காரியின் உடம்புபோலக் கொதித்தது. குரல் உடைந்து வெறும் காற்றாக வரும்வரை மரியமலர் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தவள் அடுத்த நாள் முழுக்கப் படுக்கையிலேயே கிடந்தாள். செவ்வாய் காலை யதுர்ஷா கஞ்சியோடு பக்கத்தில் இருந்தபோதுதான் கரகரத்த குரலில் சொன்னாள்.

"எனக்கு அவன்ர குரல் வரேல்லைப் பிள்ளை."

யதுர்ஷாவுக்கு விளங்கவில்லை. தாய் துண்டு துண்டாகச் சொன்னாள். எட்டுப் பேர் சேர்ந்து கூப்பிடும்போது அந்தச் சத்தத்துக்குள் அவன் எங்கேயோ பதில் சொல்வதுபோல இருக்குமாம். ஒவ்வொரு முறையும் கேட்டதாக நினைத்தாளாம். மற்றவர்கள் போய்த் தனியே நின்றபோது காதுக்குள் ஒன்றும் இல்லை. முகம் வந்தது, நடை வந்தது, குரல் வரவில்லை. எப்போதிலிருந்து மறந்தது என்றும் தெரியவில்லை.

"உனக்கு ஞாபகம் இருக்கோ?"

யதுர்ஷா ஓம் என்று சொல்ல நினைத்தாள். தாயின் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. அண்ணனின் கை ஞாபகம் இருக்கிறது, அவன் தன்னைத் தோளில் தூக்கியது ஞாபகம் இருக்கிறது, குரல் இல்லை என்றாள். ஒலிப்பதிவு எதுவும் இல்லை. வன்னியிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது அந்த ஒரு படத்தைத்தான்.

புதன்கிழமை யதுர்ஷா கபிலனுக்குத் தொலைபேசி எடுத்தாள். கபிலன் றஜீவோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது பக்கத்து நகரமான திராமனில் பேருந்து ஓட்டுகிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் ரயிலேறி வந்தான்.

அவன் தேநீரைத் தொடவில்லை. றஜீவுக்குக் கட்டைக் குரல் என்றான். மூக்கால் கொஞ்சம் கதைப்பான் என்றான். பந்து விளையாடும்போது தாய் கூப்பிட்டால், திரும்பியே பார்க்காமல் இழுத்து ஒரு பதில் சொல்வானாம்.

"என்னெண்டு சொல்லுவான்? சொல்லிக் காட்டு," என்றாள் மரியமலர்.

கபிலன் யதுர்ஷாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"வாறன் அம்மா. இந்தா வாறன்."

மரியமலர் கண்ணை மூடிக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். இது உன்ர குரல் தம்பி, இன்னொருக்கால் சொல்லு என்றாள். அவன் கொஞ்சம் மெல்லச் சொன்னான், கொஞ்சம் இழுத்துச் சொன்னான், மூக்கால் சொல்லிப் பார்த்தான். ஆறாவதோ ஏழாவதோ தரம் அவனால் முடிக்க முடியவில்லை. முப்பத்தைந்து வயது ஆள் சீருடைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மரியமலர் அழவில்லை. எழும்பிப் போய்ச் சோற்றைப் போட்டு, கறியைச் சூடாக்கி அவன் முன்னால் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

அவன் போன பிறகு இரீனி தொலைபேசி எடுத்தாள். இன்னும் மூன்று காட்சிகள் இருந்தன. மரியமலர் வர வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வரிசையில் அவளுடைய இடத்தை வெறுமையாக விடுவதா, இரு பக்கத்துக் கைகளையும் சேர்த்துப் பிடித்துவிடுவதா என்று மட்டும் அறிய விரும்பினாள். பெண்கள் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கவே விரும்புகிறார்கள் என்றாள்.

யதுர்ஷா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு தாயிடம் கேட்டாள். மரியமலர் கபிலன் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"சேர்த்துப் பிடிக்கச் சொல்லு," என்றாள். "காத்துக்கொண்டு நிக்க வேண்டாம்."