ராக்கம்மாவின் கைநாட்டு

தேயிலை பறிக்கிறவளின் விரல்களை நீங்கள் பார்த்ததில்லை என்றால் சொல்லிவிடுகிறேன். கொழுந்தின் சாறு பட்டுப் பட்டு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப்போய், ரேகை முழுக்கக் கோடு கோடாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை புளி போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் குறையும். திங்கட்கிழமை மறுபடி ஏறிவிடும். அந்தக் கறையை நம்பித்தான் நான் அதைச் செய்தேன்.

எண்பத்தாறாம் வருஷம். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் எனக்கு ஆறு வருஷமாக டெம்பரரி வேலை. பர்மனென்ட் ஆகிவிட்டால் சம்பளத்தோடு லீவு உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, கம்பளி உண்டு. யாரைப் பர்மனென்ட் ஆக்கலாம் என்று லிஸ்ட் எழுதி ஆபீசுக்குக் கொடுக்கிறவர் யூனியன் செயலாளர் குமாரசாமி. அந்த வருஷம் பேரூராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு நின்றவரும் அவர்தான். சின்னம் குடை. அவரை எதிர்த்து நின்றவர் லாரி டிரைவர் சில்வஸ்டர். சின்னம் விளக்கு. கீழ் லைன் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

கீழ் லைனில் இருந்த குடும்பங்கள் சிலோனிலிருந்து வந்தவை. ராக்கம்மா அதில் ஒருத்தி. என்னைவிட இருபது வயது மூத்தவள். பறிக்கும்போது என் பக்கத்து நிரை அவளுடையது. சிலோனில் பிறந்து, அங்கேயே கூடை தூக்கி, எந்த நாட்டுக்காரி என்று யாரும் எழுதித் தராமலே, ஓட்டும் இல்லாமலே ஐம்பது வயதை எட்டியவள். கப்பலேறி வந்து, முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்து, அந்த வருஷம்தான் வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் ஏறியிருந்தது.

"அங்க ஓட்டு நாள்ல லயத்து வீட்டு வாசல்ல நின்னு பாப்போம் புள்ள. மத்தவுக சட்ட போட்டுக்கிட்டு, தலைக்கு எண்ணெ வச்சுக்கிட்டு போவாக. எவன் வீட்டுக் கலியாணமோன்னு பாத்துக்கிட்டு நிப்போம்," என்பாள்.

ஓட்டுப் போடும்போது கைநாட்டு வைக்க மாட்டேன், கையெழுத்துதான் போடுவேன் என்று அவளுக்குப் பிடிவாதம். டீ குடிக்க விடுகிற கால் மணி நேரத்தில், ஈர மண்ணில் குச்சியால் அவள் பெயரை எழுதிக் காட்டுவேன். நானும் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஸ் போர்டும் டீத்தூள் பெட்டியும் பார்த்து எழுத்துப் பிடித்தவள். புள்ளி வைக்கிற இடத்தில் அவள் அழுத்துகிற அழுத்தத்தில் குச்சி முனை உடையும்.

"அழுத்தாம வெய்யுங்கக்கா, காயிதம் கிழிஞ்சுபோகும்."

"கிழியட்டும். எத்தன வருசத்துக்குச் சேத்து வைக்கிறேன்."

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் கூடலூரில் அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஓட்டு அன்னைக்கி எப்படியும் வந்துருவேன். என் ஓட்டுச் சிலிப்ப வாங்கி வையி."

அதை வாங்கத்தான் யூனியன் ரூமுக்குப் போனேன். குமாரசாமி மேஜையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஆள் மயில்சாமி சிலிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சிலோன்காரி சிலிப்பு உனக்கெதுக்கு மருதா?" என்றார் மயில்சாமி.

"அக்கா கூடலூர் போயிருக்காங்க. வாங்கி வெக்கச் சொன்னாங்க."

"ஊர்ல இல்லியா?" என்று குமாரசாமி நிமிர்ந்தார்.

அவள் ஊரில் இல்லை என்பது அவருக்கு என் வாயால்தான் தெரிந்தது. இதை நான் யார் மேலும் போட முடியாது.

சிலிப்பை எடுத்து என் பக்கம் தள்ளினார். "வெச்சுக்கோ. ஆனா வீணாக்கீறாத. ஆளில்லாத ஓட்டு, காத்துல போறதுதான? குடையில ஒரு குத்துக் குத்தீட்டு வந்துரு."

"அவங்க வந்துட்டாங்கன்னா?"

"பேரப்புள்ளையப் போட்டுட்டு எவ வருவா, மூணு பஸ்ஸு மாறி?"

மயில்சாமி என் விரல்களைப் பார்த்துச் சிரித்தார். "கலெக்டரே வந்து பாத்தாலும் இந்தக் கையில மை எங்க இருக்குதுன்னு சொல்ல முடியாதுங்ணா. கடவுளாப் பாத்துக் குடுத்த கை."

நான் எழுந்தேன். குமாரசாமி காகிதங்களை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த மாசம் லிஸ்ட் போகுது. உனக்கு ஆறு வருசம் ஆச்சில்ல?"

அவ்வளவுதான். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தேர்தல் நாள் காலை எட்டு மணிக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் என் ஓட்டைப் போட்டேன். கையெழுத்துப் போட்டேன், மை வைத்துக்கொண்டேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செடியில் கொழுந்து கிள்ளி, பத்து விரலிலும் கசக்கித் தேய்த்தேன். சேலை மாற்றி, தலையில் துண்டு கட்டி, மத்தியானம் சில்வஸ்டரின் ஏஜென்ட் சாப்பிடப் போன நேரம் பார்த்து மறுபடி வரிசையில் நின்றேன்.

மை வைக்கிற அம்மா கோயமுத்தூர்ப் பக்கம். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்க இது, விரலெல்லாம் கறுப்பா?"

"கொழுந்துக் கறைங்க. போகாது."

மயில்சாமி உள்ளே ஏஜென்டாக உட்கார்ந்திருந்தார். "இந்த மலையில பொம்பளைங்களுக்குப் பொறக்கறப்பவே மை வெச்சு அனுப்பிருவாங்க மேடம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பேரு?"

"ராக்கம்மா."

"கையெழுத்தா, கைநாட்டா?"

காலையில் போட்ட என் எழுத்து அதே புத்தகத்தில் இருந்தது. பயம். "கைநாட்டுங்க," என்று கட்டை விரலை நீட்டினேன்.

நாலரை மணிக்கு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். சரிவுப் பாதையில் ஒரு ஆள் ஏறி வந்தது. மூச்சு வாங்க, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, மகளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு ராக்கம்மா.

"நேரம் இருக்கா புள்ள? ஊட்டியில பஸ்ஸு நின்னு போச்சு. சிலிப்பு எங்க?"

"தொலைஞ்சுபோச்சுக்கா."

"போகட்டும், பேரச் சொன்னா போதும்பாக. நீயும் வா, எனக்குப் படபடங்குது."

என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிளார்க் பட்டியலைப் பார்த்து, "உங்க ஓட்டு மத்தியானமே ஆயிருச்சேம்மா," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அதிகாரி எழுந்து வந்து புத்தகத்தைக் காட்டினார். "இங்க பாருங்க, கைநாட்டு வெச்சிருக்கீங்க."

"நான் கைநாட்டு இல்லைங்க, தொர. எழுதுவேன்," என்றாள். மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து, அவர் நீட்டிய காகிதத்தில் எழுதினாள். புள்ளி வைத்த இடத்தில் காகிதம் கிழிந்தது.

அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். "இந்தம்மாதான் ராக்கம்மான்னு இங்க யாராவது சொல்ல முடியுமா?"

"இந்தப் புள்ள சொல்லும்," என்று ராக்கம்மா என்னைக் காட்டினாள்.

மயில்சாமி என்னையே பார்த்தார். நான் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். "இவங்கதானுங்க ராக்கம்மா," என்றேன். அதிகாரி என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். எங்களில் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவளுக்கும் ஒரு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள், மை வைத்தார்கள். அவள் மறைப்புக்குப் பின்னால் போனதும் அதிகாரி ஏஜென்டுகளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இது பெட்டியில போகாது. தனிக் கவர்ல வெப்போம். எண்ண மாட்டாங்க. யாராவது கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கினாத்தான் திறப்பாங்க."

வெளியே வந்ததும் அவள் விரலை வெயிலில் நீட்டிப் பார்த்தாள். இரண்டு வாரமாகக் கொழுந்து கிள்ளாத விரல். கறையெல்லாம் வெளுத்து, அதில் மை பளிச்சென்று இருந்தது.

"நீ மட்டும் சொல்லலேன்னா என்னைய வெரட்டிருப்பாக, மருதா," என்று என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் எண்ணினார்கள். குடை இருநூற்று முப்பத்தொன்று, விளக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. மேல் லைனில் பட்டாசு வெடித்தது. மறுநாள் நிரையில் நின்றபோது ராக்கம்மா வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை.

"தோத்தா என்ன? அந்த எரநூத்திப் பன்னெண்டுல ஒருத்தி நான். ஏங் கணக்குல ஒன்னு விழுந்துருக்குல்ல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கொழுந்தைக் கூடையில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சிலிப்பு, கறை, குடை, கவர்.

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. செடி முடிந்து அடுத்த செடிக்குப் போனாள். அங்கிருந்து கேட்டாள்.

"கைநாட்டா வச்ச?"

"ஆமாங்கக்கா."

"கையெழுத்தாச்சும் போட்டுருக்கலாம் புள்ள. உனக்குத்தான் ஏம் பேரு எழுதத் தெரியுமே."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "அந்தக் கவரத் தொறக்கணும்னா நீ வந்து சொல்லணும். சில்வஸ்டரு கோர்ட்டுக்குப் போவாரு. சொல்லுவியா?" என்றாள்.

"சொல்றேன். லிஸ்ட் போயிரட்டுங்கக்கா. அப்புறம் சொல்றேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கேட்காததை மன்னிப்பு என்று நான் வைத்துக்கொண்டேன். லிஸ்ட் போனது, என் பெயர் வந்தது, சில்வஸ்டர் கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளும் தாண்டிப்போனது. நான் வாய் திறக்கவில்லை. கங்காணியிடம் சொல்லி ராக்கம்மா வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள்.

ஜூன் மழையில் பர்மனென்ட் ஆட்களுக்குக் கம்பளி கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் அப்படியே கீழ் லைனுக்குக் கொண்டுபோனேன். ராக்கம்மா குடத்தோடு ஓடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குழாய் வரவில்லை.

"இது உங்களுக்குங்கக்கா."

அவள் கம்பளியைத் தடவிப் பார்த்தாள். நல்ல கனமான கம்பளி. மழையில் அது நனையாமலிருக்க என் முந்தானையை இழுத்து அதன்மேல் மூடிவிட்டாள்.

"உம் பேருக்கு வந்தது புள்ள. நீயே போத்திக்க," என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.