தறிக்குழியில் ஊறிய தண்ணீர்

வேகவதி ஆறு என்று சொன்னால் காஞ்சிபுரத்துக்காரர்களே சிரிப்பார்கள், சாக்கடைக்கு இவ்வளவு அழகான பெயரா என்று. கரையில் குடியிருப்பவனைக் கேளுங்கள், மழைக்காலத்தில் அது ஆறா சாக்கடையா என்று அவன் சொல்லுவான். கொத்தனார் சிட்டிபாபுவின் வீடு அந்தக் கரையில்தான் இருந்தது. ஒவ்வொரு செங்கல்லும் அவனே வைத்தது.

போன வருஷ வெள்ளத்தைப் பார்க்க வந்த அதிகாரிகள், இன்னொரு தடவை தண்ணீர் உள்ளே வந்தால் கரை வீடுகளை எல்லாம் இடித்துவிடுவோம், ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் தருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து, வாசலில் இட்லி விற்கும் அவன் மனைவி மரியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தப் பொட்டக்காட்டுல யாருபா என் இட்லியத் தேடிக்கினு வருவாங்க?" என்று அழுதாள்.

சிட்டிபாபுவுக்கு ஒரு யோசனை வந்தது. மேட்டில் இருக்கும் நெசவாளர் தெரு மாடிகளில் பெய்கிற மழை குழாய் வழியாகக் கால்வாய்க்கு இறங்கி, சாயத்தண்ணீர், பிளாஸ்டிக், எண்ணெய் என்று அகப்பட்டதை எல்லாம் வாரிக்கொண்டு ஒரே பாய்ச்சலாக ஆற்றில் விழுகிறது. அதை அங்கங்கே மண்ணில் இறக்கிவிட்டால் என்ன? அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினான். மூத்த நெசவாளர் வேலாயுதம்தான் முதல் ஆளாகச் சரி என்றார். அவர் சரி என்றால் தெருவே சரி என்ற மாதிரி. ஜல்லியும் மணலும் அவர்கள் வாங்கிப் போட்டார்கள், கோடை முழுக்க இவன் குழி வெட்டினான்.

வெட்டிய இடத்தில்தான் கோட்டை விட்டான். தெருவில் சுவருக்குச் சுவர் சிமெண்ட் போட்டிருந்ததால், வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில், குழாய் இறங்கும் சுவரோரமாகவே வெட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குழி, நெசவு செய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பள்ளம். அது இவனுக்குத் தெரியாதா? தெரியும். மணல் தென்பட்டதும், தண்ணீர் நேரே கீழே போய்விடும் என்று தோண்டுவதை நிறுத்திவிட்டான். மணலுக்கு அடியில் களிமண் இருந்தது, தண்ணீரைக் கீழே விடாமல் பக்கவாட்டில் தள்ளும் களிமண். மடையன், இன்னும் ஒரு முழம் தோண்டியிருந்தால் தெரிந்திருக்கும்!

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டித் தீர்த்தது. காலையில் மரியம்மாள் வாசலில் நின்று கத்தினாள். "ஆத்துத் தண்ணி படியக் கூடத் தொடலபா! நீ கெட்டிக்காரன்தான்!" பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலாயுதத்திடமிருந்து போன் வந்தது.

போய்ப் பார்த்தால் தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். மிதிகட்டைகள் மிதந்தன. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ தறியில் நெய்துகொண்டிருந்த கூறைப் புடவையில் ஈரம் ஏறி, அரக்குச் சாயம் ஜரிகைக் கரையில் இறங்கியிருந்தது. தெரு முழுக்க இதே கதிதான்.

சிட்டிபாபு குனிந்து, மிதந்த கட்டை ஒன்றை எடுத்து மேலே வைத்தான். "அண்ணே, என்ன செருப்பால அடிங்க" என்றான்.

"உன்ன அடிச்சு இன்னாபா ஆவப்போவுது? எல்லாத்தையும் அடைச்சிட்டுப் போ."

"அடைச்சா தண்ணி மொத்தமும் எங்க வூட்டுக்குத்தாண்ணே வரும். தெருவுல வெட்டித் தரேன்."

"புதுசா போட்ட சிமெண்ட் ரோட்ட ஒடைக்க யாரு வுடுவாங்க?" வேலாயுதம் தறிக்குழித் தண்ணீரைக் காட்டினார். "உன் கஷ்டம் எனக்குப் புரியுதுபா. இதுல காலவுட்டு நான் எப்டி நெய்யறது?"

அவர் சொன்னது நியாயம், அதுதான் கொடுமை. சிட்டிபாபு சிமெண்ட் கலந்தான். குழியை ஒவ்வொன்றாக மூடி, குழாயைப் பழையபடி கால்வாய்க்கே திருப்பினான். ஒழுகாமல் பூசினான், கை அப்படித்தான் பழகியிருந்தது. கிழக்கே மறுபடி மேகம் இருட்டிக்கொண்டு வந்தது.

கடைசி வீட்டில் பூசிக்கொண்டிருந்தபோது மரியம்மாள் போனில் கூப்பிட்டாள். குரலில் காலைச் சந்தோஷம் அப்படியே இருந்தது.

"மானம் கறுத்துக்கினு வருதுபா. பக்கத்து வூட்டுல சாமானெல்லாம் மேல ஏத்தறாங்க. நான் பயப்படாதீங்கன்னு சொல்லிட்டேன். இந்த வாட்டியும் தண்ணி வராதுல்ல?"

சிட்டிபாபு ஈரச் சிமெண்ட்டைப் பார்த்தான்.

"வரும் மரியம்மா. மூட்ட கட்டு."