கிளைட்டனின் பெயர் வரும் இடம்

மனேஜர் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து ஜூலியானா அக்காவைக் கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. கடற்கரையை வேலி போட்டு அடைத்த ஹோட்டல்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நம் முற்றத்தில் நின்றால், ஒன்றில் அவனுக்குப் புத்தி வந்திருக்கிறது, அல்லது நமக்குப் போயிருக்கிறது. முதலாவதுதான் என்று ஊரே நம்பியது.

“ஹோட்டல் திறப்பு விழா வைக்கிறம் அம்மா. கடைசியில உங்கட பாட்டைத்தான் பாடப் போறம். நீங்கள் முன்வரிசையில இருக்கோணும்.”

“எந்தப் பாட்டு?” என்று அக்கா கேட்டாள்.

“வழி விடுங்கோ பாட்டு.”

அந்தப் பாட்டைக் கட்டியது எத்தாளை ஊருக்கு இந்தப் பக்கத்து மீன்பிடிச் சனமான நாங்கள்தான். பாதை கேட்டு ஹோட்டல் கேற்றுக்கு முன்னால் வெயிலில் கிடந்து போராடியபோது கட்டினோம். கரைக்குப் போகும் எங்கள் பாதையை அவர்கள் பூட்டிய பிறகு, போன காற்றுக் காலத்தில், அக்காவின் மகன் கிளைட்டனின் தோணி கரைக்குக் கிட்ட அலையில் கவிழ்ந்தது. அவன் கத்தியது எங்கள் வீடுகளுக்குக் கேட்டது. கேற் பூட்டியிருந்தது. றோட்டால் சுற்றி ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாட்டின் கடைசி அடி அதைத்தான் சொல்கிறது. கிளைட்டனின் பெயர் வந்ததும் பாட்டு நிற்கும். எல்லோரும் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்தி இருந்துவிடுவோம். பிறகு ஜூலியானா அக்கா எழும்பும்வரை ஒருவரும் எழும்புவதில்லை. பொலிஸ் வந்து கத்தியபோதும் எழும்பவில்லை.

தன்னிடம் வழி கேட்கும் பாட்டைத் தானே பாடுகிறவன், கையில் பதில் இல்லாமலா பாடுவான்? விழாவில் பாதையைத் திறக்கப் போகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு இதே கதைதான். மகன் போனதிலிருந்து கறுப்பைத் தவிர வேறெதையும் தொடாத அக்கா, அன்றைக்கு அலுமாரியைத் திறந்து நீலச் சேலையை எடுத்து உடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

பொழுது சாயும் நேரம் போய்ச் சேர்ந்தோம். புல்தரையில் பெரிய மேடை. மேடையில் கண்ணாடிப் படிக்கட்டு, படிக்குப் படி வெளிச்சம். இரண்டு பக்கமும் கறுப்புக் கோட்டுப் போட்ட வாத்தியக்காரர். என் மகன் றொமேஷ் அங்கே வெயிற்றர். வெள்ளைக் கையுறையோடு தட்டை ஏந்திக்கொண்டு, என்னைக் கண்டும் காணாதவன் மாதிரி நின்றான். அது அங்கத்தைய விதி.

“ஹொலிவுட் ஸ்டைலில செய்திருக்கு,” என்று மனேஜர் அக்காவின் காதுக்குள் சொன்னான்.

படிக்கட்டின் உச்சியில் கொழும்புப் பாட்டுக்காரி தோன்றினாள். உடம்பெல்லாம் வெள்ளி மினுக்கம். பின்னால் படிகளில் இழுபடும் நீளச் சட்டை. தலையில் இறகு குத்திய பெண்கள் இரண்டு வரிசையாக இறங்கி வந்தார்கள்.

“கடலுக்குப் போற வழி விடுங்கோ – எங்கட
கரைக்குப் போற வழி விடுங்கோ…”

நாங்கள் தொண்டை வறளக் கத்திய பாட்டை அவள் கொஞ்சிக் கொஞ்சிப் பாடினாள், புருஷனிடம் சங்கிலி வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிற மாதிரி. இறகுக்காரிகள் இடுப்பை ஆட்டினார்கள். கொழும்பு ஆட்களும் வெள்ளைக்காரரும் கை தட்டித் தாளம் போட்டார்கள். நான் எழும்பப் போனேன்.

“பொறு சுதர்சினி,” என்றாள் அக்கா. “கடைசியில சொல்லுவாங்கள்.”

அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

வெளிச்சம் நீலமாகியது. புகை கிளம்பியது. மேலே இருந்து கம்பியில் ஒரு பொடியன் இறங்கினான். வெள்ளிக் காற்சட்டை, வெறும் மேல். புகைக்குள் கையை அடித்துத் துடித்து விழுந்தான்.

“சுத்தி வந்து சேருமுன்னே – எங்கட
கிளைட்டன் மூச்சு நின்னிட்டுதே…”

பாட்டு நிற்கவில்லை. “கிளைட்டன், கிளைட்டன்” என்று திருப்பித் திருப்பிப் பாடி, மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினாள். சனமும் கிளாசைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெயரைப் பாடியது. செத்துக் கிடந்த பொடியன் துள்ளி எழும்பி, சிரித்துக்கொண்டு அவளைத் தூக்கிச் சுழற்றினான். மேலே இருந்து மினுக்கக் கடதாசி கொட்டி அக்காவின் நீலச் சேலை முழுக்க ஒட்டியது. பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்க, செத்த பிள்ளையை எழுப்பி ஆட வைத்துவிட்டார்கள்.

“எப்பிடி அம்மா, சந்தோஷமா?” என்றான் மனேஜர்.

“பாதை?” என்றாள் அக்கா.

“இண்டைக்கு விழாதானே அம்மா. அதுகளைப் பிறகு கதைப்பம்.”

அக்கா கதிரையிலிருந்து சரிந்தாள். மயக்கம் என்று நினைத்துப் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். புல்லில் சம்மணம் கட்டி, நிமிர்ந்து இருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானும் பக்கத்தில் குந்தினேன்.

பின்னால் கிளாசுகள் கிணுங்கும் சத்தம். றொமேஷ் தட்டை நிலத்தில் வைத்துவிட்டுப் புல்லில் குந்தினான். குசினி வாசலில் சமையல்கார அக்மல், ஏப்ரனோடு நிலத்தில் குந்தினான். தட்டு ஏந்தியவர்கள், கதிரை அடுக்கியவர்கள், கேற்றில் நின்ற காவல்காரன், எல்லோரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், ஒவ்வொருவராக நிலத்தில் இருந்தார்கள். அதுவும் ஆட்டத்தில் ஒரு பங்கு என்று நினைத்து, வந்தவர்களில் சிலரும் சிரித்துக்கொண்டு புல்லில் குந்திப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

வாத்தியம் ஓய்ந்தது. கைதட்டலும் ஓய்ந்தது. ஒருவரும் எழும்பவில்லை. சிரித்தவர்களின் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. பாட்டுக்காரி படிக்கட்டில் ஏறவா இறங்கவா என்று தெரியாமல் நின்றாள்.

மனேஜர் றொமேஷிடம் குனிந்தான். “வேலை வேணாமா உனக்கு?”

றொமேஷ் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. ஆனாலும் எழும்பு மகன் என்று என் வாயில் வரவில்லை.

மனேஜர் என்னிடம் வந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

“எவ்வளவு நேரம் இப்பிடி இருப்பா? என்னதான் வேணுமாம் அவவுக்கு?”

“இப்பதானே பாடினீங்கள்,” என்றேன்.