தாளின் மேல் ஏறி நின்றவர்கள்

முதல் அச்சு சரியாக விழவில்லை. நிருஷா ரீச்சர் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் இலையின் நரம்பெல்லாம் தாளில் துப்புரவாக இறங்கியது. பிள்ளைகள் அழுத்தினால் ஒரு சிவப்புத் திட்டுத்தான் மிஞ்சியது. ஏழு வயதுக் கைக்கு எவ்வளவு பலம் இருக்கும்? மிதுசா உதட்டைப் பிதுக்கிவிட்டாள். அவள் உதட்டைப் பிதுக்கினால் அடுத்தது அழுகை என்பது வகுப்புக்கே தெரியும்.

"எல்லாரும் சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றாள் நிருஷா. "மேல ஏறி நில்லுங்கோ. உங்கட முழுப் பாரத்தையும் குடுங்கோ பாப்பம்."

அவ்வளவுதான், தாள்கள் மேசையிலிருந்து நிலத்துக்கு இறங்கின. மை பூசிய இலை, அதன்மேல் வெள்ளைத் தாள், அதன்மேல் பழைய பேப்பர், அதற்கும் மேலே காலுறை போட்ட குட்டிக் கால்கள். பெர்லினின் நொய்கெல்னில் சனிக்கிழமைகளில் வாடகை அறையில் நடக்கும் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு அன்றைக்குத்தான் வகுப்பு மாதிரி இருந்தது. மற்றச் சனிக்கிழமைகளில் நித்திரை முறியாமல் வந்து குந்தியிருந்து, சொல்வதெழுதிவிட்டு, தங்களுக்குள் டொச்சில், அதுதான் ஜெர்மனில், குசுகுசுத்துக்கொண்டு போய்விடுகிற பிள்ளைகள் இவர்கள். அன்றைக்கோ தமிழிலேயே சண்டை பிடித்தார்கள். தெருவெல்லாம் மஞ்சளாய்ச் சொரிந்து கிடக்கிற அந்த ஐந்து விரல் இலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார்கள். "எங்கட ஊரிலை அந்த மரமே இல்லை. நீங்களே ஒரு பேர் வையுங்கோ," என்று நிருஷா சொன்னதும் ஆளுக்கொரு பெயரோடு கிளம்பிவிட்டார்கள். வீட்டில் ஒரு சொல்லும் தமிழில் பேசமாட்டாள் என்று தாய் மூக்கைச் சிந்துகிற மிதுசா, "இல்லை, அது வாத்துக்கால்! நான்தான் முதல் சொன்னனான்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நிருஷாவுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று யாரோ படம் எடுத்ததை அவள் காணவில்லை. அவள் வீடு போய்ச் சேர முன்னமே படம் பெற்றோரின் வட்சப் குழுவில் ஏறிவிட்டது. 'சரஸ்வதியை மிதிக்கப் பழக்கும் ரீச்சர்' என்று கீழே ஒரு வரி. நவராத்திரி நேரம் வேறு. விடுவார்களா சனங்கள்! தாளில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிற ஆட்கள். சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளென்றாலும் ஒற்றுவார்கள். ஒற்றிவிட்டுக் குப்பையில் போடுவார்கள், அது வேறு விசயம்.

பள்ளிக்கூடப் பொறுப்பாளர் விஜயரத்தினம் மாஸ்ரர் அன்று பின்னேரமே போன் எடுத்தார்.

"பிள்ளை, வாற சனி வாணி விழா. மேடையிலை ஏறி, தெரியாமச் செய்துபோட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ஒரு வசனம் சொல்லும். அதோட முடிஞ்சுது. இல்லாட்டி வகுப்பை வேற ஆளிட்டைத்தான் குடுக்கோணும்."

"தெரியாமச் செய்யேல்லை மாஸ்ரர். தெரிஞ்சுதான் செய்தனான்."

"உமக்கு வாய் கூடிப்போச்சு," என்று போனை வைத்துவிட்டார். கெட்ட மனுசன் இல்லை. தன் கைக்காசு போட்டுப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்தான். ஆனால் நாலு பெற்றோர் முகத்தைத் திருப்பினால் அவருக்குச் சோறு இறங்காது.

நிருஷாவின் தாய் சந்திரகாந்திக்கும் அதே கவலை. "மன்னிப்பெண்டு ஒரு சொறிதானே. சொன்னா வாயிலை இருக்கிற முத்து உதிர்ந்துபோடுமே?"

"நான் சொறி சொன்னா அந்தப் பிள்ளையள் செய்தது பிழை எண்டாகும் அம்மா. அதுகள் ஒரு பிழையும் செய்யேல்லை."

"அப்ப வகுப்புப் போனாப் பறவாயில்லையோ?"

நிருஷா வகுப்பிலிருந்து கொண்டுவந்த மை உருளையைக் கழுவத் தொடங்கினாள். கிழமையில் ஐந்து நாளும் ஒரு காப்புறுதிக் கந்தோரில் திரையைப் பார்த்துக் கண் பூத்துப்போகிறவளுக்குச் சனிக்கிழமைதான் உயிர். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாணி விழா அன்று மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையில் சரஸ்வதி படம், மாலை, முன்னால் அடுக்கிய புத்தகங்கள், ஒரு தாம்பாளத்தில் அவல், கடலை. மாஸ்ரர் பட்டு வேட்டியோடு மைக்கைப் பிடித்து, "இப்ப எங்கட நிருஷா ரீச்சர் ஒரு வார்த்தை சொல்லுவா," என்றார். எல்லோருக்கும் எந்த வார்த்தை என்று தெரியும். சனம் கச்சான் கடலை சாப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டது.

நிருஷா ஒரு துணிப்பையோடு மேடையேறினாள்.

"நான் மன்னிப்புக் கேக்க வரேல்லை," என்றாள். "பிள்ளையள் என்ன செய்தவை எண்டு காட்ட வந்தனான்."

சேலையைச் செருகிக்கொண்டு குந்தினாள். பழைய பேப்பரை விரித்து, இலையின் முதுகில் உருளையால் சிவப்பு மை தடவி, வெள்ளைத் தாளை வைத்து, மேலே இன்னொரு பேப்பரும் மூடினாள். பிறகு, அத்தனை சனமும் பார்த்திருக்க, வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்றாள். முன்வரிசையில் யாரோ "சிவ சிவா" என்றார்கள்.

"அண்டைக்கு வகுப்பு முடியுமட்டும் ஒரு பிள்ளையும் டொச் கதைக்கேல்லை," என்றாள் நிருஷா. "சரஸ்வதி கோவிக்கிறதெண்டா அதுக்குக் கோவிக்கட்டும்."

மாஸ்ரர் விறுவிறென்று வந்தார். "இறங்கும் பிள்ளை. போதும்."

அவள் இறங்கினாள். தாளை மெல்ல உரித்தெடுத்து, அச்சு மேலே தெரிய அவரிடம் நீட்டினாள். ஒரு நரம்பும் தப்பாமல் விழுந்திருந்தது. அவர் கை நீட்டவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்கும் பிடிவாதம். பிடியை விட்டுவிட்டாள்.

தாள் ஆடி ஆடிப் போய் மாஸ்ரரின் வலது பாதத்தில் விழுந்தது.

அவர் யோசிக்கவேயில்லை. அறுபது வருசப் பழக்கம் யோசிக்குமா? பதறிக் குனிந்து, இரண்டு கையாலும் தாளை எடுத்து, அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தாளை இறக்கியபோது மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் ஈரச் சிவப்பு நரம்புகள். நெற்றித் திருநீற்றிலும் ஒரு கிளை ஏறியிருந்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை பொத்துக்கொண்டு சிரித்தது. மாஸ்ரர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. துடைக்க அவருக்குக் கை இல்லை. தாளைக் கீழே போடவும் ஏலாமல், அவளிடம் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லாமல், இரண்டு கையாலும் ஏந்தியபடி, அந்தச் சிவப்பு நரம்புகளுக்கூடாக, அதை வைக்க ஓர் இடம் தேடி மேடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.